மாஞ்சா போடாத நூல்

கணேசபுரம் சுரங்கப்பாதைதான் முதலில் மூழ்கியது,
வழக்கம்போல.
அப்புறம் கரண்ட்.
அப்புறம், ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்த ராத்திரி,
டவர் உச்சியின் சிவப்பு விளக்கு.

எனக்கு ரீசார்ஜ் கடை.
பேச்சை விற்றுப் பிழைக்கிறவள்.
இருபத்தெட்டு நாள் பேச்சு, எண்பத்துநாலு நாள் பேச்சு
எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியபடியே இருந்தது.
முன்னால் இடுப்பளவு தண்ணீர்.

பெர்னதெத்திடம் லைசென்ஸ் இருப்பது தெரியும்.
மணலியில் ஷிப்ட் முடித்து வந்து
ராத்திரி ஒரு மணிக்கு
"சிக்யூ, சிக்யூ" என்று கூப்பிடுவாள்.
யாரை என்று கேட்டதற்கு
"கேக்கிற யாரையும்" என்றாள்.
சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு
நான் திட்டியிருக்கிறேன்.

ரேடியோ செட் நனையவில்லை.
பேட்டரி, ஷேர் ஆட்டோவிலிருந்து கழற்றியது.
ஆன்டெனாதான் போயிருந்தது,
பக்கத்து மாடித் தண்ணி டேங்கையும் கூட்டிக்கொண்டு.

கம்பி வேண்டும். மெல்லிசாக, பத்து மீட்டர்.
மோட்டாருக்குக் காயில் கட்டும் ஜபருல்லா
பரணிலிருந்து ஒரு சுருள் செம்பு இறக்கினார்.
"தலைமுடி மாதிரிம்மா. பாத்து. அறுத்துராதீங்க."
சரி, எதில் கட்டித் தூக்குவது?

அப்போது எல்லோரும் தேசிங்கைப் பார்த்தோம்.
மாஞ்சா விட்ட கேஸில்
வாராவாரம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறவன்.
காத்தாடி என்றதுமே கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.
"சத்தியமா என்கிட்ட இல்லக்கா."
இருந்தது.
அரிசி டிரம்மில், அரிசிக்கு அடியில், நாலு.
அதில் ஒன்று
கறுப்புக் குப்பைக் கவரில் செய்தது, மழைக்கு என்றே.

நூல் வெள்ளை நூல். மாஞ்சா போடாதது.
காற்று கடலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.
ரெண்டு குட்டிக்கரணம், ஒரு சுண்டு,
நின்றது,
வாலாகச் செம்பு.

இரைச்சலுக்குள் நெடுநேரம் யாருமில்லை.
பிறகு ஒருத்தர், ஓசூரிலிருந்து:
"சொல்லுங்க வியாசர்பாடி. ஓவர்."

எங்கள் பேட்டையை இவ்வளவு மரியாதையாக
யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஆளுக்குப் பத்துச் சொல் என்றாள், பேட்டரிக்காக.
என் பில் புக்கின் முதுகில் எழுதினேன்.
மூணு மாடிப் படிக்கட்டு முழுக்க வரிசை.
சில பேர் எட்டாவது சொல்லிலேயே உடைந்து அழுதார்கள்,
மீதி ரெண்டை அடுத்தவருக்குக் கொடுத்தார்கள்.

"டயாலிசிஸ். நாள் தாண்டிருச்சு. மூணாவது தெரு. படகு வேணும்."
இது முதலில் போயிற்று.
வரிசையில் ஒரு முணுமுணுப்பு இல்லை.

"ஆவடி பெரியப்பாவுக்கு: வீடு போச்சு. எல்லாரும் ஸ்கூல்ல. கிளியும்."

"துபாய் கபீருக்கு: பொண்ணு. மூணு கிலோ. பேரு நீயே வை."

மங்கையர்க்கரசியின் புருஷன்
திங்கட்கிழமை லோடு ஏற்ற காசிமேடு போனவர்.
சட்டை நிறம், உயரம், நெற்றித் தழும்பு.
எண்ணிப் பார்த்தேன், பதினாலு சொல்.
யாருக்கு அனுப்புவது என்றேன்.
"யாரு கேக்குறாங்களோ அவங்களுக்கு."

நானே சொல்றேன் என்று மைக்கை வாங்கினாள்.
பதினாலும் முடிந்த பிறகும்
பட்டனை அழுத்தியபடியே நின்றாள்.
பெர்னதெத் அவள் கட்டைவிரலை மெல்ல எடுத்துவிட்டாள்.
"விட்டாத்தான்மா அவங்க பேசுறது கேக்கும்."

ஓசூர்க்காரர் கொஞ்சம் இருமினார்.
"குறிச்சுக்கிட்டேன்மா. எல்லாருக்கும் சொல்றேன். ஓவர்."

மூணே முக்காலுக்குப் படகு வந்தது,
மூணாவது தெருவுக்கு.

அஞ்சாம் நாள் டவரில் சிவப்பு விளக்கு.
ஊரே ஒரே நேரத்தில் ஹலோ ஹலோ என்றது.
சேற்றைத் தள்ளிவிட்டு ஷட்டரைத் தூக்கினேன்.
நல்ல வியாபாரம். சொன்னால் பாவம், நல்ல வியாபாரம்.
தேசிங்கு கையெழுத்துப் போடப் போனான்.

மங்கையர்க்கரசியும் வந்தாள்.
ரீசார்ஜுக்கு இல்லை.
"அந்தக்கா இன்னிக்கு ராத்திரி செட்டு போடுவாங்களா?"

ராத்திரி ஒரு மணி.
சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல்கள்.
நடுநடுவே
பட்டனை விடுகிற சத்தம்.